பதினாலு நிமிடம்

குரு தில்லைநாயகிக்கு வயது முப்பத்து நாலு. சீடர் வேதமாணிக்கத்துக்கு ஐம்பத்தாறு.

குருவின் பட்டறை பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்தது. நாலு கம்ப்யூட்டர். ஒரு மின்விசிறி, அதுவும் குருவின் பக்கம் மட்டும் திரும்பாது. அங்கே அவர் மென்பொருள் எழுதக் கற்றுக்கொடுத்தார். கேட்டவர்களுக்கு எழுதியும் கொடுத்தார்.

சீடர் இருபத்தொன்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவர் வகுப்பில் கணக்குப் போடும்போது எவனாவது வாய் திறந்தால் சாக்பீஸ் பறந்து வரும். "விடை வந்தப்புறம் பேசு. அதுவரைக்கும் நீ செத்த பிணம்" என்பார். மாடியேறி வந்து மாணவர் ஆன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. வேலை செய்யும்போது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

குருவுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. யார் பேசினாலும் அந்தக் குரலை அப்படியே எடுத்துத் திருப்பிப் பேசிவிடுவார். சொந்தக் குரலில் அவர் பேசுவது எப்போதாவதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை போன் அடித்தது. குரு கேட்டார், வைத்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"'மேடம், வணக்கம் மேடம். பிணவறை ஆபீஸ்லேர்ந்து கிளார்க் குணாளன் பேசுறேன் மேடம். உங்க சாஃப்ட்வேர் மறுபடியும் செத்துப்போச்சு மேடம். இங்க ஏற்கெனவே இருக்கிறதே போதும் மேடம்.'"

மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். சீடர் சிரிக்கவில்லை. அந்த மென்பொருளை எழுதியவர் அவர்.

காணாமல்போனவர்களைத் தேடி ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் வருவார்கள். முன்பெல்லாம் அவர்களிடம் ஒரு போட்டோ ஆல்பத்தைக் கொடுப்பார்கள். புரட்டிப் பார்க்கும் பாதிப் பேர் மயங்கி விழுந்தார்கள். அதனால் ஆல்பத்தை மேல் அலுவலகம் எடுத்துக்கொண்டு, மென்பொருள் வாங்கி வைத்தது. காணாமல்போனவரின் உயரம், வயது, தழும்பு, குத்திய பச்சை, பல் எல்லாவற்றையும் கிளார்க் பதிந்து 'தேடு' என்பதை அழுத்த வேண்டும். சுற்றியுள்ள ஆஸ்பத்திரிகளில் அடையாளம் தெரியாமல் வந்த உடல்கள் மூவாயிரத்து நூற்று நாற்பது. மென்பொருள் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லும்.

"செத்தெல்லாம் போகலை மேடம்" என்றார் சீடர். "வேலை செய்யுது. பதினாலு நிமிஷம் ஆகும். நான் இங்கேயே இருபது தடவை ஓட்டிப் பார்த்தேன். இருபது தடவையும் விடை சரி."

"ஓடும்போது திரை எப்படி இருந்துச்சு?"

"வெளுத்துப்போய் இருந்துச்சு."

"எதையாவது அழுத்தினா?"

"அசையாது. மேலே 'பதிலளிக்கவில்லை'ன்னு வரும்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். பரீட்சை ஹாலில் உட்கார்ற மாதிரி."

குரு தலையாட்டினார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்" என்றார் சீடர். "கடைசியில விடை சரியா வருது. அப்புறம் நடுவுல எதுக்கு அது பேசணும்?"

குரு மேசைக்கடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்துவைத்தார். பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய திருகாணிகள், ஆயிரத்துக்குக் குறையாது.

"இதுல ஒண்ணே ஒண்ணு பித்தளை. கண்டுபிடிங்க, வாத்தியாரே. உங்க சாஃப்ட்வேர் எப்படித் தேடுதோ, அதே மாதிரி."

சீடர் தேடத் தொடங்கினார்.

"வாத்தியாரே, டீ குடிக்கிறீங்களா?"

சீடர் பேசவில்லை.

"வாத்தியாரே, பாதியாவது ஆச்சா?"

பேசவில்லை. நிமிரவும் இல்லை.

"வாத்தியாரே! உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

பேசவில்லை. கற்றுக்கொடுத்த பாடத்தைச் சரியாகச் செய்யும் மாணவனின் பெருமை முகத்தில் இருந்தது.

"ஐயோ, வாத்தியார் போய்ட்டாரே!" என்று குரு கீழேயிருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரரின் கரகரத்த குரலில் கத்தினார். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். அப்படியே குப்பைக்கூடையில் கவிழ்த்தார். டீத்தூளும் திருகாணியும் ஒன்றாகின.

"மேடம்!" சீடர் எழுந்துவிட்டார். "இப்பத்தான் கண்ணுல பட்டுச்சு! எடுக்கக் கையை நீட்டுறேன், அதுக்குள்ள கவுத்துட்டீங்களே!"

"எனக்கு எப்படித் தெரியும்?"

சீடர் கூடையைப் பார்த்தார். பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "அது மனுசன் தேடுறது மேடம். இது மெஷின். மெஷினுக்கு எதுக்கு நாக்கு?"

குரு செருப்பை மாட்டினார்.

"வாங்க. போய்ப் பார்த்துட்டு வருவோம்."

*

பிணவறை அலுவலகம் ஆஸ்பத்திரியின் கடைக்கோடியில் இருந்தது. ஒரு கவுண்டர், ஒரு பெஞ்சு, பச்சை பூசிய சுவர். பினாயில் வாசனை. அதற்கு அடியில் பினாயிலுக்கு அடங்காத இன்னொன்று.

கவுண்டருக்கு உள்ளே குணாளன் உட்கார்ந்திருந்தார். வெளியே ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கையில் மஞ்சள் பை.

"பேரு?" என்றார் குணாளன்.

"போன வாரமும் கேட்டியளே. பேச்சிக்கனி."

"உங்க பேரு இல்லம்மா. காணாமப் போனவர் பேரு."

"உய்க்காட்டான். எங்க வீட்டு ஆளு. சென்ட்ரிங் வேலைக்குன்னு இந்த ஊருக்கு வந்தாவ. போன் எடுக்கல. வேலை குடுத்தவனக் கேட்டா, சம்பளம் வாங்குன அன்னைக்கே போய்ட்டாருங்கான்."

"இது எத்தனாவது தடவை?"

"ஆறாவது. வாரா வாரம் செவ்வாக்கெழம. அன்னைக்குத்தான் எனக்குத் தீப்பெட்டியாபீஸ்ல லீவு."

குணாளன் விவரங்களை ஒவ்வொன்றாகப் பதிந்தார். வயது நாற்பத்தொன்று. இடது கையில் பச்சை. வலது காலில் சுண்டுவிரல் இல்லை. 'தேடு' என்பதை அழுத்தினார்.

திரை வெளுத்தது.

குருவும் சீடரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். சீடர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு நிமிடம் போயிற்று. குணாளன் எலிப்பொறியைத் தட்டுவதுபோல் மவுஸைத் தட்டினார். இரண்டு நிமிடம். பேச்சிக்கனி கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று நிமிடம். குணாளன் பெருமூச்சு விட்டார்.

"ஹேங் ஆயிடுச்சும்மா."

"அப்படின்னா?"

"செத்துப்போச்சு. அடுத்த வாரம் வாங்க."

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். வெளுத்த திரை மறைந்தது.

"மூடாதீங்க!" சீடர் ஓடிவந்து கவுண்டரில் மோதினார். "அது ஓடிக்கிட்டிருந்துச்சு! இன்னும் பதினோரு நிமிஷம்தான்!"

குணாளன் நிமிர்ந்து பார்த்தார். "சார் யாரு?"

"அதை எழுதினவன்."

"அப்படியா சார், வணக்கம் சார். அது ஓடுதுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? ட்ரெயினிங்ல எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான் சார். மூணு நிமிஷம் பாரு, அசையலைன்னா மூடிட்டுத் திற. ரெண்டு வருஷமா எல்லா சாஃப்ட்வேரையும் அப்படித்தான் சார் பொழைக்க வைக்கிறோம்."

"எல்லாத் தடவையும் மூணு நிமிஷத்துலயா மூடினீங்க?"

"ஒரு தடவை டீ குடிக்கப் போயிட்டேன் சார். அன்னைக்கு அஞ்சு."

சீடர் குருவைத் திரும்பிப் பார்த்தார்.

"மறுபடி ஓட்டுங்க" என்றார் குரு. "குணாளன் சார், நீங்க எந்திரிங்க. வாத்தியாரே, நீங்க உக்காருங்க. அது பேசாது. நீங்க பேசுங்க."

சீடர் கவுண்டருக்குள் போய் உட்கார்ந்தார். விவரங்களைத் திரும்பவும் பதிந்தார். 'தேடு' என்பதை அழுத்தினார்.

திரை வெளுத்தது.

பேச்சிக்கனி சீடரின் முகத்தைப் பார்த்தார். வேறு பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

"தேடுதாய்யா?"

"தேடுதும்மா."

"எப்படிச் சொல்லுதிய?"

"நான் எழுதினது."

"எதுவரைக்கும் போயிருக்கு?"

சீடர் திரையைப் பார்த்தார். வெள்ளை.

"தெரியாது."

"நீங்க எழுதுனதுன்னு சொன்னிய."

"ஆமாம்மா. ஆனா உள்ளே இருக்கிறது வெளியே தெரியாது."

குணாளன் பின்னாலிருந்து மவுஸைத் தொட வந்தார். சீடர் அவர் கையைப் பிடித்தார்.

"தொடாதீங்க. தொட்டதெல்லாம் ஞாபகம் வச்சிருக்கும். முடிஞ்சதும் வரிசையா ஒவ்வொண்ணா செய்யும். வந்த விடையே போயிடும்."

"அதுக்கு ஞாபகம் மட்டும் இருக்கு" என்றார் குணாளன். "வாய்தான் இல்ல."

ஐந்து நிமிடம். பேச்சிக்கனி மஞ்சள் பையைத் திறந்தார், மூடினார்.

"இம்புட்டு நேரம் தேடுதுன்னா, ஆளு அதுல இல்லன்னு அர்த்தமாய்யா?"

"அப்படி இல்லம்மா."

"இருக்குன்னு அர்த்தமா?"

"அப்படியும் இல்ல."

"பெறவு என்னதான் அர்த்தம்?"

சீடருக்கு வியர்த்தது. இருபத்தொன்பது வருஷத்தில் எந்த மாணவனும் அவரிடம் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை.

ஒன்பது நிமிடம்.

"ஐயா, செத்த நிப்பாட்டுங்க."

"என்னம்மா?"

"வெளிய போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு, தயாரா வந்திருதேன். நான் வந்தப்புறம் காட்டச் சொல்லுங்க."

"நிப்பாட்ட முடியாதும்மா."

"ஏம்?"

"அதுக்குக் காது கேக்காது. நிப்பாட்டணும்னா கொல்லத்தான் முடியும். கொன்னா முதல்லேர்ந்து."

பேச்சிக்கனி வாசலைப் பார்த்தார். தண்ணீர்க் குழாய் அங்கிருந்தே தெரிந்தது. அவர் போகவில்லை. கவுண்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பதினாலாவது நிமிடம் திரைக்கு நிறம் வந்தது.

ஒரே ஒரு வரி இருந்தது.

சீடரால் வாசிக்க முடியவில்லை. குணாளன் குனிந்து, வழக்கமான அலுவலகக் குரலில் தொடங்கினார்.

"ஆண். வயது சுமார் நாற்பது. லாரி மோதி இறப்பு. இடது முன்கையில் பச்சை, 'மாரி'. வலது கால் சுண்டுவிரல் இல்லை. ஆகஸ்ட் மூணாந்தேதி வரவு. ஆஸ்பத்திரி..." குரல் இறங்கியது. "இதே ஆஸ்பத்திரி. குளிர்பெட்டி பதினொண்ணு."

பேச்சிக்கனி கேட்டார்: "'மாரி'ன்னு முழுசா இருக்கா? 'ரி' கொஞ்சம் அழிஞ்சிருக்கும். மவ பொறந்தப்ப குத்துனது. திருவிழாவுல குத்துனவன் அவசரத்துல குத்திட்டான்."

"அழிஞ்சிருக்குன்னுதான் போட்டிருக்கும்மா."

அழிந்திருந்தாலும் கண்டுபிடிக்கும்படி அதை எழுதச் சீடருக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது. அதை எல்லாரிடமும் சொல்லியிருந்தார். இப்போது வாயைத் திறக்கவில்லை.

"பெட்டி எங்கய்யா இருக்கு?"

குணாளன் தனக்குப் பின்னால் இருந்த பச்சைச் சுவரைக் காட்டினார். கதவைத் திறந்தால் இருபது அடி.

பேச்சிக்கனி பையை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார்.

"அம்மா" என்றார் குணாளன். "இப்ப இல்லம்மா."

"இல்லன்னா?"

"இங்க பதினெட்டு நாள்தான் வச்சிருப்போம். யாரும் வரலைன்னா அடக்கம் பண்ணிடுவாங்க. ஆகஸ்ட் இருபத்தொண்ணுல பண்ணியாச்சு."

"யாரும் வரலையா?"

பேச்சிக்கனி விரல்களை மடக்கினார். "அஞ்சாந்தேதி வந்தேன். பன்னெண்டுல வந்தேன். பத்தொம்பதுல வந்தேன்." மூன்று விரல்கள். "இந்தப் பெஞ்சுலதான இருந்தேன். அந்தச் சொவத்துக்கு அங்கிட்டுத்தான் இருந்திருக்காவ."

"சிஸ்டம்..." என்று குணாளன் தொடங்கினார். முடிக்கவில்லை.

"யாரும் வரலன்னு எழுதியிருக்கா, அதுல?"

"உரிமை கோருவார் இல்லைன்னு எழுதியிருக்கும்மா."

"அத மாத்த முடியுமா?"

குணாளன் சீடரைப் பார்த்தார். சீடர் குருவைப் பார்த்தார். குரு அந்தப் பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியும்" என்றார் சீடர். "நான் மாத்துறேன்."

"மனைவி வந்தாள்னு போடுங்க. மூணு தடவன்னு போடுங்க."

சீடர் பதிந்தார். குணாளன் ஒரு சீட்டில் மயானத்தின் பெயரையும் குழி எண்ணையும் எழுதிக் கொடுத்தார். எத்தனையாம் நம்பர் பஸ் என்பதையும் எழுதினார். பேச்சிக்கனி அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். பைக்குள் ஒரு வேட்டி இருந்தது. புதிது, விலைச்சீட்டு கிழிக்கவில்லை. ஆறு வாரமும் அதைக் கொண்டுவந்திருந்தார்.

அவர் போன பிறகும் சீடர் எழுந்திருக்கவில்லை.

"வாத்தியாரே" என்றார் குரு. "உங்க சாஃப்ட்வேர் குறிப்பு எழுதி வைக்குமே. எப்ப தொடங்கினேன், எப்ப முடிச்சேன்னு. திறங்க."

சீடர் திறந்தார்.

தொடக்கம், தொடக்கம், தொடக்கம் என்று வரிசையாக இருந்தது. நாற்பத்தேழு தொடக்கம். அவற்றில் உய்க்காட்டானின் பெயர் ஏழு, முதலாவது ஆகஸ்ட் ஐந்தாம் தேதி. மற்றவை வேறு நாற்பது பேருடையவை. முடிவு ஒன்றே ஒன்று இருந்தது. அது இன்றைக்கு, செப்டம்பர் ஒன்பதாம் தேதிக்கு உரியது.

*

திரும்பும் வழியில் அறுவைச் சிகிச்சைக் கூடத்தைக் கடக்க வேண்டியிருந்தது. வெளியே ஒரு குடும்பம் தரையில் உட்கார்ந்திருந்தது. கதவு திறந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"ராமலட்சுமி கூட வந்தவங்க யாரு? நடந்துக்கிட்டிருக்கு. பாதி முடிஞ்சிருக்கு. யாரும் அழக்கூடாது, சாப்பிடாம இருக்கக்கூடாது. இன்னும் ஒரு மணி நேரத்துல வந்து சொல்றேன்."

கதவு மூடிக்கொண்டது. தரையில் இருந்த கிழவர் ஒருவர் பொட்டலத்தைப் பிரித்து இட்லி தின்னத் தொடங்கினார்.

சீடர் நின்றுவிட்டார்.

"அந்தம்மாவா ஆபரேஷன் பண்றது?"

"இல்ல."

"டாக்டரே வந்து சொல்லலாமே மேடம். அவருக்குத்தானே தெரியும்?"

"அவர் கை உள்ளே இருக்கு வாத்தியாரே. வெளியே வந்தா யார் தைக்கிறது?"

சீடர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தம்மாவுக்கு எப்படித் தெரியுது?"

"அவர் உள்ளேர்ந்து ஒரு வார்த்தை சொல்வார். தலையைக்கூட நிமிர்த்தாம. இவங்க அதை வாங்கிட்டு வந்து சொல்வாங்க."

"இவங்க வேலை அவ்வளவுதானா?"

"இவங்க கதவைவிட்டு நகர மாட்டாங்க. அவ்வளவுதான்."

கதவு மறுபடி திறந்தது. அதே நர்ஸ், கிழவரைப் பார்த்து: "தாத்தா, அந்தப் பக்கம் போய்ச் சாப்பிடுங்க, எறும்பு வரும்."

*

அடுத்த இரண்டு நாளும் சீடர் மாடியேறவில்லை. பிணவறை அலுவலகத்தில் குணாளனின் நாற்காலியில் உட்கார்ந்து, மீதி நாற்பது பெயர்களையும் ஒவ்வொன்றாக ஓட்டினார். வெளுத்த திரைக்கு முன்னால் பெயருக்குப் பதினாலு நிமிடம். குணாளன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மூன்று பெயர்களுக்கு விடை வந்தது. ஒருவருடைய உடல் மட்டும் இன்னும் இருந்தது. மூன்று வீட்டுக்கும் சீடரே போன் செய்தார். ஒரு வீட்டில் எடுத்த பெண், "இவ்வளவு நாள் ஏன் சார் சொல்லல?" என்று கேட்டார். சீடர் போனைக் காதிலேயே வைத்திருந்தார், அந்தப் பக்கம் வைத்த பிறகும்.

அதன்பின் ஒன்பது நாள் எழுதினார்.

அந்த ஒன்பது நாளும் யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார். "வாத்தியாரே, டீ?" என்றால், "இந்த வரி முடியட்டும், ரெண்டு நிமிஷம்" என்றார். அவருக்கு அது பழக்கமில்லாததால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

பத்தாம் நாள் குருவை அழைத்துத் திரைக்கு முன் உட்காரவைத்தார்.

குரு 'தேடு' என்பதை அழுத்தினார். திரை வெளுக்கவில்லை. ஒரு வரி தோன்றியது: 3,140-ல் 12 பார்த்தாயிற்று. பிறகு 13. பிறகு 14. வரிக்குக் கீழே 'நிறுத்து' என்று ஒரு பொத்தான் இருந்தது.

"உள்ளே தேடுறவன் வேற, வெளியே நிக்கிறவன் வேற" என்றார் சீடர். "தேடுறவன் திரையைத் தொடமாட்டான். ஒவ்வொண்ணு முடிஞ்சதும் ஒரு சீட்டு நீட்டுவான். வெளியே நிக்கிறவன் அதை வாங்கிச் சொல்வான். கணக்குப் போடமாட்டான். நகரவும் மாட்டான்."

குரு மூக்கைப் பிடித்துக்கொண்டார். "'சார், வணக்கம் சார். எதை அழுத்தினாலும் செத்துப்போகுமா சார்?'"

"அழுத்திப் பாருங்க."

குரு ஜன்னலை இழுத்தார், சுருக்கினார், விரித்தார். பொத்தான் இல்லாத இடங்களிலெல்லாம் தட்டினார். எண் தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. 206. 207.

'நிறுத்து' என்பதை அழுத்தினார். 208-ல் நின்றது. கீழே எழுத்து வந்தது: 'நிறுத்தியிருக்கிறது. நீங்கள் சொன்ன பிறகு இங்கிருந்து தொடரும்.'

குரு அந்த வரியை மறுபடி வாசித்தார்.

"இதை எப்ப சேர்த்தீங்க?"

"முதல்ல எழுதினதே அதுதான்."

குரு பேச்சிக்கனியின் குரலை எடுக்கவில்லை. அன்றைக்கும் எடுக்கவில்லை, பிறகும் எடுத்ததில்லை. 'தொடர்' என்பதை அழுத்தினார். 209. 210.

இருவரும் முழுவதும் உட்கார்ந்து பார்த்தார்கள். நடுவில் டீ வந்தது, குடித்தார்கள். 3,140 வந்தது. விடை வந்தது.

சீடர் கடிகாரத்தைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. தப்புக் கணக்கைத் தானே கண்டுபிடித்த பையன்போல நின்றார்.

"மேடம், ஒரு குறை இருக்கு. சீட்டு எழுதி நீட்டுறதுக்கும் நேரம் ஆகுது. நீங்க நிறுத்தி வச்ச நேரத்தைக் கழிச்சாலும் பதினஞ்சு நிமிஷம் வருது." குரல் தாழ்ந்தது. "முன்னாடி பதினாலுதான் ஆச்சு. ஒரு நிமிஷம் மெதுவாயிடுச்சு."

குரு எழுந்தார். யார் குரலும் கலக்காத தன் சொந்தக் குரலில் சொன்னார்:

"முன்னாடி பதினாலு நிமிஷம் இல்ல வாத்தியாரே. முப்பத்தஞ்சு நாள்."